கூடைக் கடை திறந்த வெள்ளிக்கிழமை

கைவினைப் பொருட்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தது ரசனையால் ஒன்றும் அல்ல. காலை நேரத்தில் வீட்டில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். கணவர் இருந்தவரை விடிந்தும் விடியாமலும் லாரி ஆபீசில் இருந்து போன் வந்துவிடும். டயர், டீசல், டிரைவர் என்று அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயும் எழுந்து குரைக்கும். அந்தச் சத்தத்தை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அவர் மாரடைப்பில் போன பிறகு, நாமக்கல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான வினா வங்கிப் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவது என் வேலை. நாள் முழுக்கக் கேள்விகளாகவே வாசிப்பேன். என்னை ஒரு கேள்வி கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது.

நாமக்கல்லிலேயே இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இருந்திருக்கலாம்தான். ஆனால் காலையில் எங்கள் தெருவில் நான் எதிரே வந்தால், வேலையாகக் கிளம்பிய ஆட்கள் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நின்றுவிடுவார்கள். நான் கடந்து போன பிறகுதான் நடப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகங்கள். ஒருவரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஒரு தெருவில் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் செருப்பு வார் கழன்றுவிடுமா என்ன? ஃபேர்லேண்ட்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருந்தது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

திருத்த வேண்டிய பக்கங்கள் வந்து சேருவதற்கு முன்னால் காபியோடு உட்கார்ந்து ஒரு இணைய இதழைப் புரட்டுவேன். அதில் வாரம் ஒரு கைவினைக் கலைஞரைப் பற்றிக் கட்டுரை வரும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. முதல் வரியிலேயே அந்தக் கலை அழிந்துகொண்டிருக்கும், கடைசி வரியில் நாம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் ஒரு படம். அதில் கலைஞர் சிரிக்காமல் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். படம் எடுத்தவர் அப்படிப் பார்க்கச் சொல்லியிருப்பார், பாவம். அடியில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு சுட்டி இருக்கும். அதைத் தொட்டால்தான் ஆள் உயிரோடு வருவார். பின்னால் குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும், யாரையோ அதட்டுவார், கை மட்டும் நிற்காது. அழிகிற கலையாவது ஒன்றாவது, ஆர்டர் முடித்துக் கொடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுரையை விட்டுவிட்டு அந்தப் பக்கங்களையே பார்க்க ஆரம்பித்தேன். கட்ச் பக்கம் துணியில் கண்ணாடி வைத்துத் தைக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் ஆடு குட்டி போட்டது எனக்குத் தெரியும். அசாமில் மூங்கில் தட்டுப் பின்னுகிறவருக்கு எந்தக் காலில் ஆணி என்று தெரியும். அவர்கள் பேசுகிற மொழிதான் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? மழைக்கு முன்னால் துணி எடுக்க ஓடுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு இதயக் குறி போட்டுவிட்டு வருவேன். நூற்றுக்கணக்கான இதயங்களில் என்னுடையது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதில் வெட்கக்கேடு ஒன்று உண்டு. தம்மம்பட்டியில் மரச் சிற்பம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தம்மம்பட்டி என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவள் நான். நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதியை டெல்லியில் இருக்கிற ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு என்மேலேயே கோபம் வந்து, பக்கத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

அப்படித்தான் ஒரு நாள் காலை அந்த ஒயர் கூடை வீடியோ வந்தது. முகம் இல்லை. இரண்டு கைகள் மட்டும். இடது கட்டைவிரலின் மேல் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. பிளாஸ்டிக் ஒயரை மடித்து, நுழைத்து, இழுத்து, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு முடிச்சு. கூடவே ஒரு குரல்.

“இப்புடி இழுத்து இறுக்கோணுமுங்க. இளகலா உட்டா கூடை தொங்கிப்போயிரும். இதுக்குப் பேரு நெல்லிக்காய் முடிச்சுங்க.”

பின்னால் கோழி கொக்கரித்தது, தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். புரியாத மொழிகளாகவே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த ‘ங்க’ போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிய பேச்சு அது. சேலத்துக்கு வந்ததில் இருந்து என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பக்கத்தின் தலைப்பில் எருமப்பட்டி, நாமக்கல் மாவட்டம் என்று போட்டிருந்தது. நாமக்கல்லில் இருந்து டவுன் பஸ் போகிற ஊர்.

அந்த நிமிஷமே ஒரு கூடைக்குச் சொன்னேன். பார்சலும் வந்தது. பிரித்துத் தரையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். “நான் கேட்டது கூடை. நீங்கள் அனுப்பியது சாய்வு நாற்காலி” என்று படத்தோடு செய்தி அனுப்பினேன். பதிலாகக் குரல் பதிவு வந்தது. முதலில் ஒரு சிரிப்பு.

“அய்யோ அக்கா, பார்சல்காரன் இதுமேல மூட்டைய ஏத்திப்புட்டானாட்டம் இருக்குதுங்க. உள்ளுக்குள்ள அரிசிப் பைய வெச்சு ரெண்டு நாளைக்கு அப்புடியே உட்டுருங்க, தானா உக்காந்துக்கும். உக்காரலீன்னா சொல்லுங்க, நானே வந்து உக்கார வெச்சுட்டுப் போறேன்.”

சொன்னபடி செய்தேன், கூடை உட்கார்ந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. கோபப்பட்டவள் உடனே இறங்கி வந்துவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. மறுநாள் அவளே கேட்டாள். “உக்காந்துருச்சுங்களாக்கா?” ஒரு கூடை நேராக நிற்கிறதா என்று கேட்ட அந்தக் கேள்விக்கு, நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டாம். அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்பது வரை சொன்னேன்.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது அவளுக்கு. கணவர் முட்டை லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் மாமியார் மட்டும். பகலில் நான் பக்கம் திருத்துவேன், அவள் கூடை பின்னுவாள், இடையில் குரல் பதிவுகள் போகும், வரும். மாமியார் குழம்பில் உப்பைக் கொட்டியது, எங்கள் மாடி லிப்ட் நின்றது, எல்லாம் பேச்சுதான். ஒருமுறை மஞ்சளையும் கத்தரிப்பூ நிறத்தையும் சேர்த்துப் போட்டுப் பார் என்றேன். பார்க்கச் சகிக்காது என்று வாதாடிவிட்டு, போட்டுப் பார்த்தாள். அந்த வாரம் அதுதான் விற்றது. அதிலிருந்து புது ஒயர் எடுக்கக் கடைக்குப் போனால், கடையில் நின்றபடியே எனக்குப் படம் அனுப்புவாள்.

“எந்தெந்தக் கலரு எடுக்கட்டுமுங்க? நீங்க சொல்றதுதான் ஓடுது. கடைக்காரரு மொறைக்கறாரு, வெரசாச் சொல்லுங்க்கா.”

எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அவசரமாக ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன். மெய்ப்புப் பக்கத்தை அப்படியே போட்டுவிட்டுப் பதில் அனுப்புவேன்.

முகத்தை ஏன் காட்டுவதில்லை என்று கேட்டேன். “மொகத்தக் காட்டுனா ஊருல நாலு விதமாப் பேசுவாங்கன்னு எங்கத்தை சொல்லுதுங்க. கையின்னா ஆரு என்ன பேசப்போறாங்க?” என்றாள். என் பக்கத்திலும் என் படம் கிடையாது, ஒரு செம்பருத்திப் பூதான். அதனால் அவளுடைய கையையும் குரலையும் நான் அறிவேன், என் குரலை அவள் அறிவாள். அதற்குமேல் தேவைப்படவில்லை, அல்லது தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் இயல்பாகக் கேட்டுவிட்டாள். “மாமா என்ன பண்றாருங்க?” என் கணவரைத்தான் கேட்கிறாள். “அவரு போயி ரெண்டு வருசமாச்சு அம்மிணி” என்று பதில் அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மத்தியானம் ஆயிற்று, வரவில்லை. சரி, இவளும் செருப்பு வாரைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. வழக்கமான விளக்கம் எதுவும் இல்லை, கைகள் மட்டும் நிதானமாக ஒரு கூடையின் விளிம்பை முடித்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் அப்படியே போய், கடைசியில் குரல் கேட்டது. “நேரத்துக்குச் சாப்புடுங்க்கா.” அன்றைக்கு நான் அழுதேன். துக்கத்தில் அழுததாகச் சொல்ல மாட்டேன்.

இதற்குமேல் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து அழைப்பு முறையைச் சொல்லியாக வேண்டும். ஒரு விசேஷம் என்றால் வீட்டுக்காரர்கள் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக் கொடுத்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போவோம். தபாலில் வந்தால் யோசிப்போம். கூப்பிடாத இடத்துக்கு, அது கூடப்பிறந்தவர் வீடாக இருந்தாலும், போக மாட்டோம். அதேபோல, யார் எப்படிக் கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொல்லக் கூடாது. நல்ல காரியத்துக்கு இல்லை என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. “வந்தர்றோமுங்க” என்று சொல்லிவிட்டு, வராமல் இருந்துகொள்வார்கள். கூப்பிட்டவருக்கும் அது தெரியும். இதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு இந்த முறையில் எங்கள் ஆட்கள் ஒரு வசதியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவர் போன அடுத்த ஆண்டு, நெருங்கிய உறவில் ஒரு புதுமனை புகுவிழா. பத்திரிகை போனில்தான் வந்தது. அவசரத்தில் வர முடியவில்லை போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். பால் காய்ச்சுகிற நேரத்தில் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். “சாமி, காப்பி சரியாப் போவுதான்னு நீ இங்க நின்னு பாத்துக்க.” காபி சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பால் பொங்கியதும் முன்னால் எல்லோரும் குலவையிட்டார்கள். நான் காகித டம்ளர்களுக்கு நடுவே நின்றேன்.

அதற்குப் பிறகு நாத்தனார் மகன் கல்யாணம். அந்தப் பையனை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவள் நான். தட்டோடு வருவார்கள் என்று எதிர்பார்த்து முறுக்கு, லட்டு எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். வந்தது பத்திரிகையின் படமும் கும்பிடுகிற கைகளின் பொம்மையும்தான். அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கூப்பிடவில்லை என்று நான் சொல்லிவிட முடியாது, அதே சமயம் நான் வந்துவிடவும் கூடாது. அதற்குத்தான் போன். “கண்டிப்பா வாரேன், சந்தோசம்” என்று பதில் போட்டுவிட்டு, வீட்டிலேயே இருந்தேன். நீ ஏன் வரவில்லை என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வெற்றிலை வைக்காத வீட்டுக்குப் போவதில்லை. விசேஷ நாளன்று போனையும் அணைத்துவிடுவேன். குடும்பக் குழுவில் பட்டுப்புடவைப் படங்களாக வந்து கொட்டும், அதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இப்போது எருமப்பட்டிக்கு வருகிறேன். வீட்டில் இடம் போதாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் ஒரு சின்னக் கடை பிடித்தாள். சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதில் இருந்து, கூடைகளை எந்த வரிசையில் மாட்டுவது என்பதுவரை ஒரு மாதம் எங்களுக்கு இதே பேச்சு. பலகையில் என்ன எழுதுவது என்பதில் ஒரு நாள் சண்டைகூட வந்தது. அதெல்லாம் முடிந்து, ஒரு திங்கட்கிழமை போனில் பத்திரிகையின் படம் வந்தது. கடை திறப்பு விழா, வெள்ளிக்கிழமை காலை, அனைவரும் வருக. ஓரத்தில் பிள்ளையார், நடுவில் கூடை. கூடவே குரல் பதிவு.

“அக்கா, வெள்ளிக்கெழம தொறக்கறமுங்க. நீங்க வந்தரோணும். நீங்க வந்தாத்தான் ஆவும், சொல்லிப்போட்டேன்.”

அந்தக் குரலை இப்போது கேட்டால் எல்லாமே அதில் இருக்கிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றுதான். போனில் வந்திருக்கிறது. நாமக்கல்லில் அவள் ஒயர் வாங்குகிற கடைக்காரருக்கு அவளும் கணவரும் நேரில் போய் வெற்றிலை வைத்தார்கள் என்று அவளே முந்தின நாள் சொல்லியிருந்தாள். எனக்கு மட்டும் போனில். அவளுக்கு மாமியார் இருக்கிறார், சொந்தபந்தம் இருக்கிறது, புதுத் தொழில் வேறு. முதல் நாள் முதல் ஆளாகப் போய் நான் கடைக்குள் நின்றால் யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவளுக்கு இருக்கத்தானே செய்யும்? அதைச் சொல்ல முடியாமல் முறைக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவள் மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பேராசை என்று நினைத்தேன். முறைப்படி நானும் பதில் போட்டேன். “கண்டிப்பா வாரேன் சாமி. கடை நல்லா வரும்.”

வியாழக்கிழமை மறுபடியும் கேட்டாள், “வாரீங்கதானுங்களே?” என்று. “வாரேன் வாரேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டு மெய்ப்பில் உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல். கோடிட்ட இடங்களை நிரப்புக. ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. இந்நேரம் வாழைமரம் கட்டியிருப்பார்கள், இந்நேரம் விளக்கு ஏற்றியிருப்பார்கள் என்று மனம் எருமப்பட்டியிலேயே சுற்றியது. போகாமல் இருந்ததில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளைச் சங்கடத்தில் இருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மத்தியானம் தயிர்சாதம் பிசைந்து தின்றுவிட்டுப் படுத்தேன்.

சாயங்காலம் போனைப் போட்டதும், அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. “அக்கா எங்க வாரீங்க?” “நாமக்கல் வந்துட்டீங்களா?” “அங்க பஸ் ஸ்டாண்டுக்கு ஆளு அனுப்பட்டுமுங்களா?” அத்தோடு செய்திகள் நின்றிருந்தன. அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். காலையில் கடையில் இருந்து நேரலையாகப் போட்ட வீடியோ அப்படியே இருந்தது.

முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்துவைத்திருந்த ஆளே இல்லை. ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டு, அரக்குப் பட்டில் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றாள். போனை யாரோ எதிரே நிறுத்தி வைத்திருந்தார்கள். சுவர் நாங்கள் பேசிய அதே வெளிர் பச்சை. வாழையிலையில் குத்துவிளக்கு, திரி போட்டு எண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தது. அவள் போனைப் பார்த்துச் சொன்னாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலத்துல இருந்து எங்க அக்கா ஒருத்தங்க வந்துட்டு இருக்காங்க. இந்தக் கடையில இருக்கற கலரெல்லாம் அவங்க சொன்னதுதானுங்க. அவங்க வந்துதான் வெளக்கு ஏத்தறாங்க. அஞ்சு நிமிசம் பொறுத்துக்கங்க.”

பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு எதுவும் நடக்காத வீடியோ அது. பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இறங்குகிறவர்களை எட்டிப் பார்த்தாள். என் முகம் அவளுக்குத் தெரியாதே, யாரைத் தேடியிருப்பாள்? தனியாக இறங்கிய ஒவ்வொரு பொம்பளையையும் பார்த்துச் சிரித்திருப்பாள்.

“நேரம் போவுது சாமி, ராகுகாலம் வந்துரும்” என்று ஒரு வயதான குரல் சொன்னது. மாமியாராக இருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவிய ஊட்டுக்காரரு இல்லாதவியன்னு சொன்னயே. அவியளப் போயி ஏத்தச் சொல்றது…”

“தெரிஞ்சுதானுங்கத்தை கூப்புட்டேன்” என்றாள் அவள். “அந்தப் பேச்செல்லாம் இங்க வேண்டாமுங்க. அக்கா வந்துருவாங்க. வாரேன்னு சொல்லிட்டாங்க.”

கடைசியில் மாமியார்தான் தீப்பெட்டியை எடுத்து ஏற்றினார். அவள் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். சிரித்தபடிதான் நின்றாள். வீடியோவுக்கு அடியில் யாரோ, அக்கா வந்துட்டாங்களா என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அவள் பதில் போடவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில், சொல்லவே கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. எனக்காக ஒரு விளக்கு ஏற்றாமல் காத்திருந்திருக்கிறது. அவர் போன பிறகு என்னை வாசலில் நின்று எதிர்பார்த்த ஆள் அவள் ஒருத்திதான், அன்றைக்கு நான் பீரோவில் போனை வைத்துப் பூட்டிவிட்டுத் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவு செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். நாமக்கல்லில் இறங்கி ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கினேன். பக்கத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுக் கடைக்குப் போகிறேன், அவளுக்கு இரண்டு முழம் வாங்கலாம் என்று கை நீண்டது. நான் பூ வாங்கிக் கொடுத்தால் அவள் மாமியார் என்ன நினைப்பாரோ என்று கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் அந்த வீடியோவில் அவள் மாமியாருக்குச் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வாங்கினேன்.

எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடை தெரிந்தது. வாழைமரம் வாடத் தொடங்கியிருந்தது. உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து ஒயர் அளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வாங்க, என்னங்க பாக்கறீங்க?” என்றாள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற குரல்.

“நாந்தான் அம்மிணி” என்றேன்.

கை நின்றது. எழுந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, “உக்காருங்க்கா” என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூவையும் பழத்தையும் வாங்கிக்கொண்டாள். பூவை அப்போதே தலையில் வைத்துக்கொண்டாள். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானாகவே ஆரம்பித்தேன்.

“ஆரும் வந்து வெத்தலை வெக்காத எடத்துக்கு நான் போறதில்ல சாமி. போன்ல பத்திரிக்கை வந்தா, வராதீங்கன்னு சொல்றாங்கன்னுதான் அர்த்தம். அப்புடியே பழகிப்போச்சு. நீயும் அதுக்குத்தான் அனுப்பியிருக்கறயாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “வராதீங்கன்னு சொல்றதுக்கு ஆராச்சும் பத்திரிக்கை அனுப்புவாங்களாக்கா?”

“அனுப்புவாங்க.”

மறுபடியும் தரையில் உட்கார்ந்து ஒயரை எடுத்தாள். அந்தக் கைகளை எத்தனையோ நாள் போனில் பார்த்திருக்கிறேன், நேரில் இன்னும் சின்னதாக இருந்தன.

“எனக்கு வெத்தலை வெக்கோணும்னு தோணவே இல்லீங்க்கா” என்றாள் நிமிராமலே. “வெளியாளுங்களுக்கெல்லாம் நானும் எங்க ஊட்டுக்காரரும் போயி வெச்சோம். ஊட்டு ஆளுக்கு ஆராச்சும் வெத்தலை வெப்பாங்களா?”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், கோபத்தோடு பேச எனக்கு வரும். என் அம்மா வீட்டில் எங்களுக்குள் எந்த விசேஷத்துக்கும் நாங்கள் தட்டு வைத்துக்கொண்டதில்லை. வீட்டு ஆள் என்றால் சொன்னால் போதும், முதல் நாளே வந்து நிற்க வேண்டியவர். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். என்னை யாரும் அப்படி வைத்துக்கொண்டு வெகுநாள் ஆகிவிட்டதால், அது எனக்கும் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

“இப்ப வந்துட்டன்ல” என்றேன். எனக்கே அந்தக் குரல் கெஞ்சுவதுபோல் கேட்டது.

“ஆமாங்க, வந்துட்டீங்க” என்றாள்.

அப்போது தெருவில் இருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். நேற்று வர முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, மாட்டியிருந்த கூடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் கவனித்தாள்.

“இவிய ஆருங்க? உங்களுக்குச் சொந்தமுங்களா?”

ஒயரோடு உட்கார்ந்திருந்த அவள் என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். எங்க அக்கா என்று ஒரு கூட்டத்துக்கே சொன்னவள். ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

“சேலத்துல இருந்து வந்துருக்காங்க” என்றாள். “நம்ம கஸ்டமருங்க.”

மரியாதையாகத்தான் சொன்னாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறவள் நான், அந்த ஒரு சொல்லைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“ஆமாங்க” என்றேன். “கூடை வாங்க வந்தனுங்க.”